புளியந்தோப்பில் இறங்கிய மிக்

“நான் கலர் அடிச்ச விமானத்தத் தரையில வெச்சிட்டு இப்படித் திரும்பினேன்னு வெய்யி மச்சான், அது எங்க கீதுன்னு எனக்கே தெரியாது. பருந்து வந்து அதும்மேல கூடு கட்டும். அப்புறம் கட்டுன பருந்துக்கே கூடு எங்கன்னு தெரியாம ஊர் பூரா விசாரிச்சிகினு திரியும்.”

ஜெகநாதன் இதைச் சொன்னபோது அவர் கையில் அரை இட்லியும் மூக்கு நுனியில் கொஞ்சம் பச்சைப் பெயின்ட்டும் இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த சந்திரமோகன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். சிரிக்கக்கூட இல்லை. அக்காள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் பாதியைக் கழித்துவிட வேண்டும், மீதியைச் சந்தேகப்பட வேண்டும் என்று முப்பது வருஷத்துக்கு முன்பே முடிவு செய்தவர் அவர்.

சந்திரமோகன் ஆரணியில் பட்டு வியாபாரி. நம்பாமல் இருப்பது அவருக்குத் தொழில். பட்டு என்று யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் ஓர் இழையை உருவுவார், தீக்குச்சியில் காட்டுவார், கருகிய வாசனையை முகர்வார், சாம்பலை இரண்டு விரலால் நசுக்குவார். அதற்குப் பிறகுதான் “உக்காருங்க” என்பார். சொந்தக் கல்யாணத்தில் கூறைப்புடவையின் ஓரத்தை மணவறையிலேயே கொளுத்திப் பார்த்தார், புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்ததில்லை. “அசல் பட்டுதான்” என்று மட்டும் சொல்லுவார்.

அன்று அவர் வந்தது விமானத்தைப் பற்றிப் பேச அல்ல. அறையைப் பற்றிப் பேச.

அந்த வீடு சந்திரமோகனின் அப்பா தன் மகள் ஹேமலதாவுக்கு எழுதிக் கொடுத்தது. வாசலை ஒட்டிய முன்னறையில் ஒரு காலத்தில் இரண்டு தறிகள் இருந்தன. இப்போது அங்கே இருப்பது ஹேமலதாவின் கணவர் ஜெகநாதனும் அவருடைய விமானப்படையும்தான். எண்ணூறு விமானங்கள் கூரையிலிருந்து தொங்குவதாக ஜெகநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். சந்திரமோகன் எண்ணிப் பார்த்தார். பதினாறு.

ஆவணி பிறந்துவிட்டது. முகூர்த்தத்துக்கான பட்டு நூல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கடையில் சந்திரமோகன் தன் சொந்த நாற்காலிக்குப் போகவே இரண்டு மூட்டை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஈரம் ஏறாத, எலி நுழையாத ஓர் அறை வேண்டும். அப்படி ஓர் அறை ஊரிலேயே இதுதான். போன வாரம் ஜெகநாதன் குளிக்கப் போன நேரத்தில் டேப் வைத்து நீள அகலம் அளந்துகொண்டும் போய்விட்டார்.

“மாமா, விமானம் பறக்கற ஜாதி. அத மொட்ட மாடியில வெச்சிக்கலாம். நூலு பறக்காது. அதுக்குத்தான் ரூம்பு வேணும்.”

“மொட்ட மாடியில வெச்சா நெஜமாவே பறந்துடும்டா. அப்புறம் எந்தக் கவர்மென்ட்டுக்கு நான் பதில் சொல்றது?”

இரண்டு பேரும் மாறி மாறி ஹேமலதாவைப் பார்த்தார்கள். அவள் இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். வேலூரில் விமான மாதிரிகள் செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். அதற்கு ஜெகநாதன் ஒரு போர் விமானம் செய்துகொண்டிருக்கிறார். போன வருஷம் சிலர் விமானமே செய்யாமல் கம்ப்யூட்டரில் படம் தயாரித்து அனுப்பி ஏமாற்றிவிட்டதால், இந்த வருஷம் புது விதி. விமானத்தை வீட்டுக்கு வெளியே, வெறும் தரையில், பகல் வெளிச்சத்தில் வைத்து எடுத்த போட்டோ வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

“ஆறு மணிக்குள்ள இவரு பேர லிஸ்ட்டுல சேத்துகினா ரூம்பு இவருது. சேக்கலன்னா சனிக்கிழம காலையில உன் மூட்ட வரட்டும். இதுக்கு மேல ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து நிக்காதீங்க, எனக்குப் பேஜாரா கீது.”

சந்திரமோகனுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மாமா கடையில் செய்து வைத்ததை வாங்கிவந்து தன் வேலை என்று காட்டிவிடக் கூடும். எனவே வியாழக்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டு வந்து, முன்னறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மேஜைமேல் இருந்தது ஒரு மிக்-21. அசல் விமானத்தை நாற்பத்தெட்டாகப் பங்கு போட்டு அதில் ஒரு பங்கை எடுத்த அளவு, அதாவது சுமார் ஓர் அடி நீளம். சுருட்டு மாதிரி உடம்பு, இரண்டு பக்கமும் முக்கோண இறக்கை, மூக்கில் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். விமானி உட்காரும் கண்ணாடிமேல் பொடிப்பொடியாக மாஸ்கிங் டேப் வெட்டி ஒட்டியிருந்தது. சக்கரக் குழிகளில் பஞ்சு அடைத்திருந்தது. உடம்பு முழுக்க முதல் நாளே மண் நிறம் அடித்துக் காய்ந்திருந்தது. இனி அதன்மேல் திட்டுத்திட்டாகப் பச்சை அடிக்க வேண்டும். மேலேயிருந்து பார்க்கும் எதிரிக்குக் காடும் மண்ணுமாகத் தெரிய வேண்டும்.

“டேப்ப ஒட்டி அடிச்சிட வேண்டியதுதான, இதுக்கு எதுக்கு ஒரு நாளு?” என்றார் சந்திரமோகன்.

“டேப்ப ஒட்டி அடிச்சா ஓரம் கத்தியால கீறுன மாதிரி நிக்கும். காடு அப்படியா முடியுது? காடு கரைஞ்சி கரைஞ்சி இல்ல முடியும். அதுக்கு, மூடற அட்டைய விமானத்துமேல ஒட்டக் கூடாது. நூல் கனத்துக்குத் தூக்கி நிறுத்தணும். அப்ப பெயின்ட்டு புகை மாதிரி அடியில கொஞ்சம் போயி ஓரத்தக் கரைச்சிடும். இந்த ரகசியம் தெரிஞ்சவங்க உலகத்துலயே மூணு பேரு. ஒருத்தர் செத்துப்போயிட்டாரு.”

தூக்கி நிறுத்துவதற்கு ஹேமலதா பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் பாதி போயிருந்தது. அதைப் புழு புழுவாக உருட்டி விமானத்தின்மேல் வளைத்து வளைத்து வைத்திருந்தார். மூடுவதற்கு நல்ல கெட்டி அட்டை வேண்டும். அதற்கு அவர் எங்கும் போகவில்லை. மூலையில் இருந்த கோணியில் கைவிட்டு எடுத்தார்.

அது தறி அட்டை. புடவையில் மயில் எந்த இழையில் எழும்ப வேண்டும், மாங்காய் எந்த இழையில் அடங்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த நீள அட்டைகளில் குத்தியிருக்கும் ஓட்டைகள்தான். அந்த ஓட்டைகளைக் குத்துவதுதான் ஜெகநாதனுக்கு முப்பத்தெட்டு வருஷ உத்தியோகம். தான் குத்திய ஓட்டைகளை வரிசையாக அடுக்கினால் ஆரணியிலிருந்து நிலாவுக்கு ஒரு சுரங்கமே போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

கத்தரிக்கோலால் அட்டையை வளைவு வளைவாக வெட்டினார். மாவுப் புழுக்களின்மேல் ஒவ்வொரு துண்டாக உட்கார வைத்தார். ஹேமலதா ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டாள். சந்திரமோகனும் சும்மா இருக்காமல், “அந்த எறக்கையில கொஞ்சம் வெலகிகினு கீது பாருங்க” என்று ஒரு துண்டை நகர்த்திச் சரிசெய்தார்.

பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரஸர், இஞ்சின் வைத்த எருமை மாதிரி உறுமத் தொடங்கியது. ஜெகநாதன் பேனா மாதிரி இருந்த ஸ்பிரேயைப் பிடித்துப் பச்சையை அடித்தார். காய விட்டார். பச்சை இருக்க வேண்டிய இடங்களைப் புது அட்டைத் துண்டுகளால் மூடினார், மண் நிறத்தை இன்னொரு தடவை மேலோட்டமாக அடித்தார். பச்சை பாட்டில் கடைசிச் சொட்டுவரை தீர்ந்துபோனது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று பேரும் சுற்றி நிற்க, ஒரு துண்டைச் சாமி திரையை விலக்குவது போலத் தூக்கினார்.

கம்ப்ரஸர் ஒரு தடவை விக்கிவிட்டு நின்றது.

மண் நிறத்தின்மேல் முழுக்கப் பச்சைப் பொட்டு. அடுத்த துண்டைத் தூக்கினார். பச்சையின்மேல் முழுக்க மண் நிறப் பொட்டு. இறக்கையில் பொட்டு, வாலில் பொட்டு, வயிற்றில் பொட்டு. ஒவ்வொரு பொட்டும் ஓரம் கரைந்து, எண்ணெய்ச் சொட்டு துணியில் பரவியது போல இருந்தது. சந்திரமோகன் கீழே கிடந்த அட்டைத் துண்டைக் குனிந்து எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அட்டை முழுக்க ஓட்டை.

அதை முன்னும் பின்னும் திருப்பினார். இந்தத் துண்டைத்தான் அவர் கையாலேயே நகர்த்தி வைத்தார். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் பிறந்ததிலிருந்து தறி அட்டைக்கு நடுவே வளர்ந்தவர்கள். வேறு ஊர்க்காரன் ஒருவன் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருந்தால்கூட, “அட்டையில ஓட்டை கீதே” என்று சொல்லியிருப்பான். ஆரணிக்காரர்களுக்கு அட்டை என்றாலே ஓட்டையோடுதான். ஓட்டை இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு மூன்று பேரும் பதறிப் போயிருப்பார்கள்.

“முப்பத்தெட்டு வருஷம் ஓட்ட குத்துன மனுஷனுக்கு ஓட்ட தெரியல” என்றாள் ஹேமலதா, யாரையும் பார்க்காமல்.

ஜெகநாதன் முக்காலியில் உட்கார்ந்தார். வாய் மூடியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காட்சியை ஹேமலதா பார்த்ததில்லை. பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சந்திரமோகனுக்கோ அதிர்ச்சி தெளிந்து சிரிப்பு வந்துவிட்டது. “மாமா, இது சண்டைக்குப் போற விமானமா, சீமந்தத்துக்குப் போற விமானமா? ஒடம்பு பூரா புடவை மாதிரி புட்டா போட்டு வெச்சிருக்கீங்க. முந்தானை ஒண்ணுதான் பாக்கி. சொல்லுங்க, கடையில சரிகை கீது.” சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. ஹேமலதா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சிரித்தார்.

வேறு பச்சை வாங்க வேண்டுமென்றால் ஐந்து நாள் ஆகும். இருந்தது ஒரு நாள்.

வெள்ளிக்கிழமை படவேடு ரேணுகாம்பாள் கோவிலுக்குப் போவதாக முன்பே பேச்சு. சந்திரமோகன் காரை எடுத்தார். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். கடை ஆள் ஒருவனுக்குப் போன் போட்டுச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி சொல்லி வைத்திருந்தார். ஜெகநாதன் பின்சீட்டில் மடியில் ஒரு புடவைப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே மிக். ஆரணி எல்லை தாண்டும் வரைக்கும் பேசவில்லை. சந்தவாசல் நெருங்கியபோது அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

“யோசிச்சிப் பாத்தேன் மச்சான். இது தப்பு இல்ல. இது புது முறை. இத மட்டும் ஏதாச்சும் ஒரு ராணுவம் பாத்துச்சுன்னு வெய்யி, நாளைக்கே எங்கிட்ட ஆள் அனுப்புவாங்க.”

“அனுப்பட்டும் மாமா. மொட்ட மாடிக்கு அனுப்பி வெக்கறேன்.”

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மணி நாலு. மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் மண் ரோட்டில் ஒரு புளியந்தோப்பு. வெயில் சாய்ந்து இலைகளுக்கு இடையே இறங்கிக்கொண்டிருந்தது. தோப்பின் ஓரத்தில் நாலு ஆடுகளை விட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

ஜெகநாதன் பெட்டியைத் திறந்து மிக்கை எடுத்தார். இரண்டு புளிய மரங்களுக்கு நடுவே, வேரும் சருகும் காய்ந்த புல்லுமாகக் கிடந்த தரையில் குனிந்து வைத்தார். அவர் வைத்ததைச் சந்திரமோகன் கார்க் கதவில் சாய்ந்தபடி இரண்டு கண்ணாலும் பார்த்தார். ஜெகநாதனின் போன் ஹேமலதாவின் பையில் இருந்தது, ஹேமலதா காருக்குள் இருந்தாள். ஜெகநாதன் காருக்கு வந்து போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பினார். மொத்தம் இரண்டு நிமிஷம்.

விமானம் இல்லை.

“மோகனு” என்றார் ஜெகநாதன். குரல் சின்னதாக வந்தது. “எடுத்தியா?”

“நான் எங்க எடுத்தேன்? நான் இங்கியே நின்னுகினு கீறேன்.”

“அப்ப எங்க?”

சந்திரமோகன் சிரித்துக்கொண்டே வந்தார். தரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இரண்டு மரம், வேர், சருகு, புல். அவ்வளவுதான். ஓர் அடி நீள விமானம் இருந்த இடத்தில் ஓர் அடி நீளத் தரை இருந்தது.

உடனே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புட்டா போட்ட விமானத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி அவமானப்படுவதைவிட, அது காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். அக்காளுக்கும் பாவமாக இருக்கும், அறையும் தப்பிவிடும். மாமா பலே ஆள்.

“வேட்டிய உதறுங்க மாமா.”

“இன்னாடா?”

“உதறுங்க.”

ஜெகநாதன் மலையைப் பார்த்து நின்று வேட்டியை உதறினார். ஒரு துளசி இலை விழுந்தது. சந்திரமோகன் புடவைப் பெட்டியைக் கவிழ்த்தார், கார் டிக்கியைத் திறந்தார், சீட்டுக்கு அடியில் கைவிட்டார், அக்காளின் பையைக் கொட்டினார். குங்குமம் கொட்டியது. ஹேமலதா அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அறுபதை நெருங்கும் தலை.

ஆடு மேய்த்த அம்மாள் எழுந்து வந்தாள். பெயர் செல்லியம்மாள். “இன்னாங்க தேடிகினு கீறீங்க, நகையா?”

“விமானம்” என்றார் ஜெகநாதன்.

அவள் முதலில் வானத்தைப் பார்த்தாள்.

“சின்ன விமானம்மா. இவ்ளோதான். இங்க வெச்சேன். யாராச்சும் இந்தப் பக்கம் வந்தாங்களா?”

“ஒரு ஈ காக்கா வரல. நானும் இங்கதான் கீறேன்.”

“ஆடு?” என்றார் சந்திரமோகன்.

செல்லியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க ஆடு காயிதம் துன்னும். போன மாசம் ரேசன் கார்ட துன்னுச்சி. அதுக்காக விமானம் துன்னுமாங்க? அதும் சக்கரத்தோட?”

அதன் பிறகு நாலு பேரும் தேடினார்கள். கோவில்காரன் காணாமல் போன மூலவரைத் தேடுவது போலத் தேடினார்கள். செல்லியம்மாள் ஒரு குச்சியால் சருகைக் கிளறினாள், உடைந்துவிடும் என்று ஜெகநாதன் கதறவும் குச்சியை எறிந்துவிட்டுக் கையால் தடவினாள். ஹேமலதா மரத்தைச் சுற்றினாள். அண்ணாந்து கிளை கிளையாகக்கூடப் பார்த்தார்கள். சந்திரமோகன் தோப்பைத் தறியில் நீட்டிய பாவு நூல் போலக் கோடு கோடாகப் பிரித்துக்கொண்டு, ஒரு கோட்டில் போய் அடுத்த கோட்டில் திரும்பினார். வெயில் நகர நகர, தரையில் கிடந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. பார்த்துப் பார்த்து அவருக்குத் தரையே நெளிவது போலத் தோன்றியது. ஓர் ஆடு நிதானமாக நடந்து வந்து, இரண்டு மரத்துக்கும் நடுவே நின்று, எதையோ சுற்றிக்கொண்டு போவது போல வளைந்து போனது. யாரும் கவனிக்கவில்லை.

மணி ஐந்தே கால். ஜெகநாதன் ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை நடிப்பு இல்லை என்பது சந்திரமோகனுக்குத் தெரிந்தது. நடிப்பு என்றால் மாமா இந்நேரம் ஒரு கதை சொல்லியிருப்பார். குரங்கு ஓட்டிக்கொண்டு போனது என்றாவது சொல்லியிருப்பார். அவர் தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போனது போச்சி மாமா, வாங்க” என்றார் சந்திரமோகன். குரல் அவர் நினைத்ததைவிட மென்மையாக வந்தது. அறை கிடைத்துவிட்டது. காலும் வலித்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று, வேரில் சாய்வதற்காக இடது கையைத் தரையில் ஊன்றினார்.

சுருக்கென்று ஏறியது.

“பாம்பு” என்றார் சந்திரமோகன். கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வரவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார், உள்ளங்கையில் ஒரு சொட்டு ரத்தம். ஹேமலதா முந்தானையைக் கிழித்து மணிக்கட்டில் கட்டினாள். ஜெகநாதன் வேலூர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் என்று சத்தமாகக் கணக்குப் போட்டார். சந்திரமோகனுக்கு நாக்கு வறண்டது, கண் இருண்டது, கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூட்டைகளைக் கடை ஆட்கள் சரியாக இறக்கி வைப்பார்களா என்று ஒரு கவலைகூட வந்து போனது.

செல்லியம்மாள் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

“ஒரே ஒரு ஓட்டைங்க.”

“அதுக்கு?”

“ஒத்தப் பல்லுப் பாம்ப நான் பாத்ததே இல்ல” என்றாள். பிறகு குனிந்து, அவர் கையூன்றிய இடத்தை விரலால் மெதுவாகத் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. தூக்கினாள்.

தரையில் ஒரு துண்டு பெயர்ந்து அவள் கையோடு வந்தது. அதற்கு இறக்கை இருந்தது. வால் இருந்தது. மூன்று சக்கரம் இருந்தது. மூக்குக் குழாயாக ஜெகநாதன் செருகியிருந்த தையல் ஊசியின் நுனியில் பட்டு வியாபாரியின் ரத்தம் இருந்தது.

செல்லியம்மாள் அதைக் கீழே போடுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் கையை நீட்டியபடி நின்றாள்.

“அங்கியே வெய்யிம்மா” என்றார் சந்திரமோகன். “எடுத்த எடத்துலியே.”

வைத்தாள். அவர் கண்ணிமைக்காமல் பார்த்தார். தெரிந்தது. செல்லியம்மாள் கையை எடுத்தாள். இப்போதும் தெரிந்தது. ஓர் ஆடு கத்தியது, அவர் கண் ஒரு விநாடி அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. தெரியவில்லை. வெயில் பொட்டும் இலை நிழலும் தரையில் எப்படிக் கிடந்தனவோ, அப்படியேதான் அதன் முதுகிலும் கிடந்தன. எது மரம் போட்ட பொட்டு, எது அட்டை போட்ட பொட்டு என்று பிரிக்க முடியவில்லை. முழங்காலிட்டுக் கைவிரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். அதே போல மூன்று தடவை. நான்காவது தடவை அவர் கை தானாகச் சட்டைப் பையில் தீப்பெட்டியைத் தேடியது.

“கொளுத்திடாதடா” என்றாள் ஹேமலதா.

மணி ஐந்து நாற்பது. ஜெகநாதன் போட்டோ எடுத்து அனுப்பினார். மலையடிவாரம், சிக்னல் ஒரு கோடு. படம் வட்டமடித்து வட்டமடித்து ஐந்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது. கண்காட்சிக்குப் பெயர் சேர்க்கும் சரவணன். ஜெகநாதன் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஐயா, வணக்கங்க. படம் வந்துச்சிங்க. தரைதாங்க வந்திருக்குது.”

“அதுல விமானம் கீது பாருங்க.”

“பாத்தேங்க. பெருசு பண்ணிப் பாத்தேன். பக்கத்துல ரெண்டு பேருகிட்ட குடுத்தும் பாத்தேன். புளிய மரத்து வேரு தெரியுது, ஒரு ஆட்டுப் புழுக்கை தெரியுது. விமானம் இல்லீங்க.”

“நடுவுல தம்பி. புழுக்கைக்குச் சோத்தாங்கை பக்கம்.”

“ஐயா, பெரியவங்க நீங்க. விளையாட்டுக்கு ஒரு அளவு இருக்குதுங்க. போன வருஷம் இல்லாத விமானத்த அனுப்பினாங்க, இந்த வருஷம் நீங்க விமானமே இல்லாம அனுப்பறீங்க.”

ஹேமலதா பையிலிருந்த வெள்ளைத் துண்டை விரித்து, விமானத்தை அதன்மேல் வைத்து இன்னொரு போட்டோ எடுத்துத் தன் போனிலிருந்து அனுப்பினாள். அது வட்டமடிக்கத் தொடங்கியது, வட்டமடித்துக்கொண்டே இருந்தது. மணி ஐந்து ஐம்பத்தாறு.

“வேற படம் வருதுங்க, ரெண்டே நிமிஷம்” என்றார் ஜெகநாதன்.

“ஆறு மணிக்கு லிஸ்ட்ட மூடிடுவேங்க. பக்கத்துல வேற யாராச்சும் இருக்கறாங்களா? உங்க வேலைய ஆஹா ஓஹோன்னு சொல்றவங்களா இல்லாம?”

ஜெகநாதன் போனைப் பிடித்தபடி மெல்லத் திரும்பினார். சந்திரமோகனிடம் நீட்டவில்லை. நீட்டவும் கூசியது போல நடுவழியில் வைத்திருந்தார். ஹேமலதா தம்பியின் முகத்தைப் பார்க்காமல் போனில் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்திரமோகனுக்கு நிலைமை தெளிவாகப் புரிந்தது. அவர் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ‘எனக்கும் தரைதான் தெரியுது’ என்றால் போதும். சத்தியமான வார்த்தை. நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டி வரும், மூட்டைகள் இறங்கும், அறை நிரம்பும். எந்தச் சாமியும் கண்ணைக் குத்தாது. அவர் உள்ளங்கையைப் பார்த்தார். ஏற்கனவே குத்தியிருந்தது.

போனை வாங்கினார்.

“தம்பி, நான் சந்திரமோகன். ஆரணியில பட்டு வியாபாரம் பண்றேன். அவருக்கு மச்சான். ஆனா அவரு சொல்றத முப்பது வருஷமா ஒரு நாளும் நம்புனது கெடையாது. விடிஞ்சிடுச்சின்னு அவரு சொன்னா நான் சன்னலத் தொறந்து பாக்கறவன்.”

“சரிங்க. நீங்க சொல்லுங்க. அந்தப் படத்துல விமானம் இருக்குதா, இல்லீங்களா?”

“கீது. அவரு கையால பண்ணதுதான். பெயின்ட்டு அடிக்கும்போது நான் பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்தேன்.”

“அப்ப நீங்க அத இப்பப் பாக்கறீங்க?”

சந்திரமோகன் தரையைப் பார்த்தார். பிறகு துண்டின்மேல் இருந்ததைப் பார்த்தார்.

“கேளு தம்பி. அவரு தரையில வெச்சத நான் பாத்தேன். ரெண்டு நிமிஷத்துல காணல. ஒரு மணி நேரத்துக்கு மேல தேடுனேன். மாமா வேட்டிய உதறச் சொன்னேன், அக்கா பையக் கொட்டுனேன், வாயில்லா ஜீவனச் சந்தேகப்பட்டேன். அது என் காலுக்கு அரை அடியில இருந்துச்சி. கடைசியில என் கையிலதான் குத்துச்சி. அவரு பேர எழுதிக்கோ. தரையில வெச்சா தனக்கே தெரியாதுன்னு சொன்னாரு, அப்படியே நடந்துச்சி. என் கண்ணுல படவே இல்ல, அதுக்கு நானே சாட்சி.”